லேபிளுக்கு ராப் எழுதப் போகும் முத்தியால்பேட்டைத் தம்பிக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மூணு வருஷமா ராப் எழுதுறேன். ஒரு பெரிய ஹிப்ஹாப் லேபிள் கூப்பிட்டிருக்கு. பாட இல்ல, எழுத மட்டும். உள்ள வேலை எப்படி இருக்கும்? பணம் எந்த வழியா வரும்? ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலாமா?"

தம்பி, நான் கடலூர், திருப்பாப்புலியூர். பெரிய லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனம், ஒன்றின் ஹிப்ஹாப் பிரிவில் நாலரை வருடம் தமிழ் வரிகள் எழுதினேன். இப்போது ஊரில் இருந்தபடி பாட்டுக்கு இவ்வளவு என்று எழுதுகிறேன். போகலாம் என்பதுதான் என் பதில். அங்கே கற்றுக்கொண்டதை நான் வேறெங்கும் கற்றிருக்க முடியாது. ஆனால் உங்கள் பெயரை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்து ஏழு மாதம் தூக்கம் கெட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேலை. 1984-ல் நியூயார்க்கில், ரிக் ரூபின் தங்கியிருந்த பல்கலைக்கழக விடுதி அறையில்தான் அவரும் ரஸ்ஸல் சிம்மன்ஸும் டெஃப் ஜாம் என்ற ஹிப்ஹாப் லேபிளைத் தொடங்கினார்கள். அந்தக் கதையைப் படித்துவிட்டு, லேபிள் என்றால் நாலு நண்பர்கள், ஒரு டிரம் மெஷின் என்றுதான் நாம் நினைப்போம். அதே டெஃப் ஜாம் இன்று யூனிவர்சல் மியூசிக்கின் கையில் இருக்கிறது. 2022-ல் அதன் இந்தியப் பிரிவும் வந்துவிட்டது. இன்றைக்குப் பெரிய லேபிள் என்றால் அது ஒரு அலுவலகம். ஏ அண்ட் ஆர் ஆட்கள் கலைஞர்களையும் பாட்டுகளையும் தேர்ந்தெடுப்பார்கள். மார்க்கெட்டிங், டிஜிட்டல், சட்டப் பிரிவு என்று தனித்தனி அறைகள். ஒரு அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தானாகத் தெரியாது.

எழுத்தாளருக்கு அந்த அலுவலகத்தில் பெரிய வேலை கிடையாது. வேலை நடப்பது ரைட்டிங் கேம்ப்பில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டை மூன்று நாலு நாள் வாடகைக்கு எடுப்பார்கள். பீட், அதாவது பாட்டுக்கான தாள இசை, செய்கிறவர்கள் இரண்டு பேர், பாடகர்கள் இரண்டு மூன்று பேர், எழுதுகிறவர்கள் இரண்டு பேர், சவுண்ட் எஞ்சினியர் ஒருவர். காலை பதினொன்றுக்குத் தொடங்கினால் விடியற்காலை இரண்டு மணிவரை ஓடும். பீட் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் யாரும் வார்த்தை எழுத மாட்டார்கள். பாடகர் மைக்கில் அர்த்தமில்லாத ஒலிகளில் ஃப்ளோவை, சொல் ஓடும் நடையை, பிடிப்பார். சினிமாக்காரர்கள் தத்தகாரம் என்பார்களே, அதே வேலை. இங்கே டம்மி என்று சொல்வார்கள். அந்த டம்மிக்குள் பொருளை உட்கார வைப்பது நம் பொறுப்பு. சில நேரம் அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

முதல் வருடம் நான் எழுதிக் கொடுத்தவை 61. வெளியில் வந்தவை 4. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மீதி 57 வீண் என்றும் எனக்குத் தோன்றியதில்லை, என் கை பழகியது அவற்றில்தான்.

கை பழகுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை அவர்கள் கூப்பிடுவதே இதற்காகத்தான். ஒரு வெர்ஸ், அதாவது ராப்பின் ஒரு பத்தி, வழக்கமாக 16 பார் (தாளச் சுற்று). பாருக்கு நாலு தட்டு, மொத்தம் 64 தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் அது ஏறக்குறைய 43 நொடி. அதற்குள் ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு சம்பவம் வந்தாக வேண்டும். நம் எழுத்துத் தமிழ் இங்கே காலை வாரும். "போய்க்கொண்டிருக்கிறேன்" என்பதில் ஆறு ஒலித்துண்டு இருக்கிறது. "போய்ட்ருக்கேன்" என்றால் மூன்று. மிச்சமாகும் மூன்றில் இன்னொரு சொல்லை வைக்கலாம். பேச்சுத்தமிழில் ராப் எழுதுவது ஸ்டைலுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் இடக்கணக்கு.

அடுத்தது ரைம். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதனால் வந்தேன், நின்னேன், சொன்னேன் என்று கடைசி ஒலி தானாகவே ஒத்துப்போகும். புதிதாக எழுதுகிறவர்கள் இதில் மயங்கிவிடுகிறார்கள். பதினாறு வரியும் 'ஏன்' என்று முடிந்தால் கேட்கிறவன் காது நாலாவது வரியிலேயே மூடிக்கொள்ளும். நமக்கு மோனை, எதுகை, இயைபு என்று மூன்றும் இருக்கும்போது இயைபை மட்டும் பிடித்துத் தொங்குவது ஏன்? எதுகையை வரித் தொடக்கத்தில் வைத்தால் அது பாரின் முதல் தட்டில் விழும். கிக் டிரம்மோடு சேர்ந்து விழுவதால் சொல் கல்லெறிந்த மாதிரி கேட்கும். கடைசியில் வரும் வினையைத் தூக்கி முன்னே போட்டு, பெயர்ச்சொல்லில் முடித்தால் ஸ்னேர் டிரம் விழும் நாலாவது தட்டில் எதிர்பாராத ஒலி கிடைக்கும். இதை எனக்கு எந்த ஏ அண்ட் ஆரும் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊர்ப் பாடலீஸ்வரர் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்த காதுதான் சொல்லித்தந்தது. திருப்புகழை, சீராகத் தட்டும் ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டுச் சொல்லிப் பாருங்கள், தம்பி. சந்தம் எப்படித் தட்டோடு பூட்டிக்கொள்கிறது என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

லேபிளோடு எனக்கு அதிகம் உரசல் வந்தது ஊர்ச் சொற்களால். "கொண்டல்" என்று ஒரு வரியில் எழுதினேன். தேவனாம்பட்டினத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காற்று. "யாருக்கும் புரியாது, சென்னை ஸ்லாங்ல ஏதாவது போடுங்க" என்றார்கள். முதல் தடவை மாற்றிக் கொடுத்தேன். பாட்டு வந்து கேட்டபோது அந்த இடத்தில் யாரோ ஒருவர் பேசுவது போல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊர்ச் சொல்லை விளக்கும் வேலையை அதற்கு முந்தைய வரிக்குக் கொடுத்துவிடுவேன். மழையும் அலையும் முந்தைய வரியில் வந்துவிட்டால், கொண்டல் என்பது காற்று என்று கேட்கிறவருக்குத் தானே தெரியும். அப்புறம் யாரும் மாற்றச் சொன்னதில்லை.

இப்போது அந்த ஏழு மாதக் கதை.

இரண்டாவது வருடம் பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவரை லேபிள் எடுத்தது. நல்ல குரல், அருமையான டைமிங், ஆனால் எழுத வராது. அவருக்கு வெர்ஸ் எழுத என்னைப் போட்டார்கள். ஹிப்ஹாப்பில் இது கூச்சமான விஷயம். பாடுகிறவன் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறான் என்பதுதான் இந்தக் கலையின் பெருமை. ஆனால் ஆரம்பத்திலிருந்தே அடுத்தவர் எழுதிக் கொடுப்பதும் இருந்திருக்கிறது. அமெரிக்க ராப்பர் பிஸ் மார்க்கிக்கு இன்னொரு ராப்பர் பிக் டாடி கேன் எழுதினார். கார் விபத்தில் குரல் போன டி.ஓ.சி, அதற்குப் பிறகும் டாக்டர் ட்ரேவுக்கு எழுதினார். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தவர் வாழ்க்கையை "நான்" என்று எழுதப் போகிறவன் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். நான் இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன்.

அவர் அப்பா முந்திரி விவசாயி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும், சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். அவர் தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில், "மரம் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி, விழுந்தது இருபது வருஷம்" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஹுக் இதுதான் என்று. இரவு கடலூர் பஸ்ஸில் வரும்போதே மெட்டை முனகி போனில் பதிவு செய்தேன்.

அடுத்த கேம்ப்பில் பாட்டு முடிந்தது. பீட் செய்தவர், பாடியவர், நான் மூவரும் ஸ்ப்ளிட் ஷீட் எழுதினோம். யார் எதை உண்டாக்கினார்கள், யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடும் ஒரு பக்கக் காகிதம் அது. வரிகளில் எனக்கு 75, அந்தப் பையனுக்கு 25 என்று போட்டேன். "நான் ஒண்ணும் எழுதலையேண்ணே" என்றார். அந்த ஒரு வரி உங்கள் வீட்டிலிருந்து வந்தது, அப்பாவுடையது என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பாட்டு வெளிவந்தது. எந்தத் தளத்திலும் என் பெயர் இல்லை. பாடியவர் பெயர், பீட் செய்தவர் பெயர், அவ்வளவுதான். ஏ அண்ட் ஆரைக் கேட்டால் டிஜிட்டல் பிரிவைக் கை காட்டினார். அவர்கள் தங்களுக்கு வந்த படிவத்தில் எழுதியவர் கட்டம் காலி என்றார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் திருத்த ஏழு மாதம் ஆனது, பாட்டு அதிகம் ஓடியதும் அந்த ஏழு மாதத்தில்தான். ஸ்ப்ளிட் ஷீட்டின் போட்டோவும், தேதியோடு இருந்த அந்தப் பஸ் பதிவும் என்னிடம் இல்லையென்றால் இன்றுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருந்திருக்கும்.

இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1979-ல் சுகர்ஹில் கேங் குழுவின் பாட்டு ஒன்றுதான் ராப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் பிக் பேங்க் ஹேங்க் பாடிய வரிகளில் பெரும்பகுதி கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருடையது. காஸின் பெயர் எழுதியவராகப் போடப்படவில்லை. இதில் என்னை எப்போதும் உலுக்கும் விஷயம் ஒன்று உண்டு. காஸின் பழைய மேடைப் பெயர் கேசனோவா ஃப்ளை. தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வரி ஒன்றை அவர் எழுதியிருந்தார். ஹேங்க் அதையும் அப்படியே பாடிவிட்டார். எழுதியவன் பெயர் பாட்டுக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது, காகிதத்தில் மட்டும் இல்லை. சம்பந்தர் தன் பதிகத்தின் கடைசிப் பாட்டில் பெயரை வைத்துவிடுவார், திருக்கடைக்காப்பு என்பார்கள். நம் பக்கத்து அப்பர் பெயர் வைப்பதில்லை, பெரும்பாலும் கடைசிப் பாட்டில் ராவணனைக் கொண்டுவருவார், அதை வைத்தே அவர் பாட்டு என்று கண்டுகொள்ளலாம். கோயிலில் பாடும்போது அந்த முத்திரை போதும். நம் வேலைக்குக் காகிதமும் வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பதிவு, மாஸ்டர் என்பார்கள். செலவு செய்கிற லேபிளிடம் அது இருக்கும். இன்னொன்று வரியும் மெட்டும். பாடாமல் எழுத மட்டும் போகிற உங்களுக்கு இந்த இரண்டாவதுதான் சோறு. ஹுக்கின் மெட்டும் உங்கள் வாயில் பிறந்ததென்றால் ஸ்ப்ளிட் ஷீட்டில் இசைப் பக்கத்திலும் பெயர் போடச் சொல்லுங்கள். ராப் எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

நம் காப்பிரைட் சட்டம் 1957-ல் வந்தது. 2012 திருத்தம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. பாட்டின் உரிமையை லேபிளுக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதால் வரும் பணத்தில், சரிபாதி பெறும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ காப்பிரைட் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். "எல்லா ராயல்டியையும் துறக்கிறேன்" என்று ஒரு பத்தி இருந்தால் அது சட்டத்துக்கு எதிரானது என்று மரியாதையாகச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள். அந்த ராயல்டியை வசூலித்துத் தருவது ஐ.பி.ஆர்.எஸ். 1969-ல் தொடங்கிய சங்கம், 2017-ல் மறுபடி பதிவானது. உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். நமக்கு இனிஷியல் முன்னால், பின்னால், இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். என் பணம் ஒரு தடவை நின்றது அந்த ஒரு எழுத்தால்தான்.

உங்கள் ஊரில் பிரான்ஸில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. யாராவது பெரியவர் சாசெம் என்று சொல்லிக் கேட்டிருக்கலாம். 1847-ல் பாரிஸில் ஒரு காபிக்கடையில் தங்கள் பாட்டு இசைக்கப்படுவதைக் கேட்ட பாட்டுக்காரர்கள், "எங்கள் பாட்டுக்கு நீங்கள் பணம் தரவில்லை, உங்கள் பானத்துக்கு நாங்களும் தர மாட்டோம்" என்று எழுந்தார்கள். வழக்கு அவர்கள் பக்கம் முடிந்தது. அதிலிருந்து 1851-ல் பிறந்த சங்கம் அது. ராயல்டி என்பது யாரோ போடும் தர்மம் கிடையாது என்று எனக்கு மனதில் பதிந்தது இந்தக் கதையால்தான்.

அட்வான்ஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். அது பரிசும் அல்ல, சம்பளமும் அல்ல. பின்னால் வரப்போகும் உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். எந்தப் பங்கிலிருந்து என்று கேளுங்கள். ஐ.பி.ஆர்.எஸ் வழியாக உங்களுக்கு நேரே வருவதில் கை வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

மாதச் சம்பளம் தருகிறேன் என்றால் இன்னும் கவனமாகப் படியுங்கள். வேலைக்காரராக இருந்து எழுதினால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளிதான். நான் சம்பளத்தை மறுத்துப் பாட்டுக் கணக்கில் போனேன். முதல் வருடம் கஷ்டமாக இருந்தது, அப்பா ஓய்வூதியத்தில் வீடு ஓடியது. உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, அதனால் இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நான் கடைசிவரை விடாமல் பேசினேன். உரிமையை எழுதிக் கொடுப்பதில் எத்தனை காலம், எந்தெந்த நாடு என்று சொல்லாவிட்டால் சட்டப்படி 5 வருடம், இந்தியா மட்டும். லேபிள் காகிதம் எப்போதுமே "என்றென்றும், உலகம் முழுக்க" என்றுதான் வரும். அதை முழுதாக மாற்ற முடியவில்லை. ஆனால் வெளிவராத பாட்டுகள் 18 மாதத்தில் என்னிடம் திரும்ப வேண்டும் என்று வாங்கினேன். வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதி என்று சட்டமே சொல்கிறது, ஆனால் அது பொருந்தாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். முன்னால் சொன்ன 57-இல் 11 பாட்டு அப்படித் திரும்பி வந்து, வேறு பாடகர்களிடம் போயிருக்கிறது. இரண்டாவது, "ஒப்பந்தக் காலத்தில் எழுதும் அனைத்தும்" என்ற சொற்கள். அதை "லேபிள் கேட்டு எழுதியவை" என்று மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது உங்கள் பழைய நோட்டு. சேருவதற்கு முன்பு எழுதியவற்றின் முதல் வரிகளைப் பட்டியல் போட்டு, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கேம்ப்பில் அவசரத்துக்கு ஒரு பழைய வரியை எடுத்துப் போட்டுவிடுவோம், பிறகு அது யாருடையது என்று நிரூபிக்க முடியாது.

ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள். சொத்துப் பத்திரம் எழுதுகிறவர் வேண்டாம், காப்பிரைட் பார்த்தவராக இருக்க வேண்டும். முதல் அட்வான்ஸில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு அதற்கே போனது. அந்தச் செலவுக்கு நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அந்தப் பண்ருட்டிப் பாட்டில் என் பெயர் வந்த அன்று பையன் போன் செய்தார். தன் பங்குப் பணம் முதல் தடவை வந்தபோது அதை வைத்து அப்பா என்ன செய்தார் என்று சொன்னார். முந்திரிக் கன்று வாங்கி நட்டாராம். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், இடுப்பளவு வளர்ந்திருந்தது.

தம்பி, எப்போது கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொல்லவில்லை. அவசரப்படுத்தினால் பத்து நாள் கேளுங்கள், தருவார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் ஏறி வாருங்கள். சில்வர் பீச்சில் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். ஒப்பந்தத்தின் நகலோடு அந்தப் பழைய நோட்டையும் எடுத்துவாருங்கள், எனக்கு அதைக் கேட்க வேண்டும்.